விதையும் நிலமும்: இரத்தப் புற்றணு எலும்பு மஜ்ஜையோடு பேசும் வகை

1948ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளிவந்தது. பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவமனையைச் சேர்ந்த சிட்னி ஃபார்பரும் அவருடைய துணைவர்களும் எழுதியது அது. கடும் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்னும் மருந்தை அவர்கள் கொடுத்துப் பார்த்தனர். அவர்களுள் 10 குழந்தைகள் தேறினர். இரத்தத்தில் மலிந்திருந்த நோயணுக்கள் குறைந்தன. படுத்திருந்த பிள்ளைகள் எழுந்து நடமாடினர். அதுவரை இந்நோய்க்கு எதிராக எந்த மருந்தும் இத்துணை வேலை செய்ததில்லை. அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுக்கூடத்திற்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் என்னும் அறிஞர்.

ஆயினும் அம்மகிழ்ச்சி நெடுநாள் நிற்கவில்லை. சில திங்களில் நோய் திரும்பி வந்தது. ஃபார்பரும் தம் கட்டுரையின் தலைப்பிலேயே இதனைத் தற்காலிக அடக்கம் என்றுதான் குறித்தார்.

இரத்தத்திலிருந்து மறைந்த நோய் எங்கே ஒளிந்திருந்தது? மருந்து உடல் முழுவதும் ஓடியும் அதன் கைக்கு எட்டாமல் அதனைக் காத்து வைத்தது யாது? மருத்துவ உலகம் இவ்வினாவோடு பல்லாண்டு போராடியது. நோயணுவை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தவரை முழு விடை கிடைக்கவில்லை. அவ்வணு வாழும் இடத்தையும் சேர்த்து ஆராயத் தொடங்கிய பிறகே விடை புலப்படலாயிற்று. அவ்விடம் எலும்பு மஜ்ஜை. புற்றணு அங்குத் தனித்து வாழவில்லை. சுற்றுப்புறத்தோடு ஓயாது செய்தி பரிமாறிக்கொண்டு, அதன் துணையால் வாழ்கிறது. அச்செய்திப் பரிமாற்றத்தின் வகைகளையும், அதனை அறிந்ததால் மருத்துவம் பெற்ற பயனையும் ஈண்டுக் காண்போம்.

செந்நீர் பிறக்கும் இடம்

உடலை ஆக்கும் தாதுக்களைச் சித்த மருத்துவம் ஏழாக எண்ணும். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்பன அவை. இவற்றுள் ஆறாவதாக நிற்கும் மூளை என்பது, எலும்பின் உட்புழையில் நிரம்பியிருக்கும் மென்பொருளைக் குறிப்பது. அதனையே இன்று எலும்பு மஜ்ஜை என்கிறோம். இறைச்சிக் கடையில் நல்லி எலும்பு என்று கேட்டு வாங்குவோர் விரும்பி உறிஞ்சுவதும் அதுவே.

அப்பட்டியலில் செந்நீர் வேறு, மூளை வேறு. செந்நீரின் அணுக்கள் பிறப்பதே எலும்பின் மூளையில்தான் என்பதை 1868இல் செருமானிய அறிஞர் எர்ன்ஸ்ட் நாய்மன் கண்டறிந்தார். வளர்ந்த ஒருவருக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு, விலா ஆகியவற்றின் உள்ளே உள்ள செம்மஜ்ஜை இப்பணியைச் செய்கிறது. சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். மாள்பவற்றை ஈடு செய்ய மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறக்குறைய 20,000 கோடிச் சிவப்பணுக்களைப் படைக்கிறது. வினாடிக்கு இருபது இலட்சத்துக்கும் மேல் என்று சொன்னால் அதன் வேகம் விளங்கும். இவையேயன்றி, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும், குருதியை உறையச் செய்யும் தட்டணுக்களும் அங்கேயே பிறக்கின்றன.

இவ்வொழுங்கு குலைவதே இரத்தப் புற்றுநோய். 1845இல் பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோவும், எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட்டும் தனித்தனியே இந்நோயை விவரித்தனர். 1847இல் விர்ச்சோ, வெண்குருதி என்று பொருள்படும் கிரேக்கப் பெயரை இதற்குச் சூட்டினார். லூக்கேமியா என்பது அப்பெயரின் இன்றைய ஒலிப்பு. முதிர்ந்து பணிபுரிய வேண்டிய வெள்ளணு முதிராமலே நின்று, தன்னைப் போன்றவற்றைப் பெருக்கிக்கொண்டே போவது கடும் வகை. முதிர்ந்தது போல் தோன்றும் அணுக்கள் மெல்லப் பெருகுவது நாட்பட்ட வகை. எவ்வகையாயினும், மஜ்ஜையில் நல்லணுக்களுக்கு இடமில்லாமற் போகிறது. அதனால்தான் நோயாளிக்குச் சோகையும், அடிக்கடி காய்ச்சலும், காரணமின்றி இரத்தக் கசிவும் உண்டாகின்றன.

விளக்கு மாடம்

சுரை போட்டால் அவரை முளைக்குமா என்பது பழமொழி. விதையின் குணமே விளைவின் குணம் என்பது அதன் கருத்து. ஆனால் நல்ல சுரை விதையும் பாறைமேல் விழுந்தால் முளைப்பதில்லை என்பதை உழவர் எல்லாரும் அறிவர். மாந்தர்தம் அகவொழுக்கத்தைப் பாடவந்த தமிழ்ச் சான்றோரும் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்த பின்னரே பிறவற்றைக் கூறினர். ஏறத்தாழ இதே நோக்கைப் புற்றுநோய் ஆராய்ச்சியில் புகுத்தியவர் இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்த அவர், அந்நோய் உடலில் கண்ட இடமெல்லாம் பரவவில்லை, குறிப்பிட்ட சில உறுப்புகளையே நாடுகிறது என்று கண்டார். புற்றணு விதை போன்றது, உறுப்பு நிலம் போன்றது, இரண்டும் பொருந்தினால்தான் நோய் வேரூன்றும் என்று 1889இல் அவர் எழுதினார்.

இரத்தத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை விளங்க மேலும் பல்லாண்டு ஆயிற்று. எல்லா இரத்த அணுக்களுக்கும் தாயாகிய அணு மஜ்ஜையில் உண்டு என்பதை 1961இல் கனடாவின் டொராண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னெஸ்ட் மெக்கல்லா என்னும் இருவர் எலிகளைக் கொண்டு காட்டினர். அதற்குக் குருத்தணு என்று பெயர். அக்குருத்தணுவைக் கண்ணாடிக் கலத்தில் தனியே வளர்க்க முயன்றால் அது நெடுநாள் நிலைப்பதில்லை. 1977இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் மைக்கேல் டெக்ஸ்டர், முதலில் மஜ்ஜையின் தாங்கணுக்களைக் கலத்தின் அடியில் பாய்போல் பரவவிட்டு, அதன்மேல் குருத்தணுக்களை இட்டார். அவை பல வாரம் வாழ்ந்து இரத்த அணுக்களைப் பெற்றன.

மறு ஆண்டே, அதாவது 1978இல், அதே நகரைச் சேர்ந்த ரே ஸ்கோபீல்டு ஒரு கருத்தை வெளியிட்டார். குருத்தணு குருத்தணுவாகவே இருப்பது அதன் சொந்த ஆற்றலால் மட்டுமன்று. அது தங்கியிருக்கும் இடமும் அதனை அவ்வாறு காக்கிறது என்றார். அவ்விடத்திற்கு அவர் வைத்த பெயர், சுவரில் பொருள் வைப்பதற்கென விடப்படும் மாடக்குழியைக் குறிக்கும் சொல். பழைய வீடுகளின் சுவரிலுள்ள விளக்கு மாடத்தை நினைத்துக்கொண்டால் அப்பெயரின் பொருத்தம் புரியும். வெளியே காற்று வீசினாலும் மாடத்துள் வைத்த அகல் அணைவதில்லை.

மஜ்ஜையில் இம்மாடத்தை அமைப்பவை பல. எலும்பை ஆக்கும் அணுக்கள், நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் அணுக்கள், கிளைவிட்டு வலைபோல் பின்னிக் கிடக்கும் அணுக்கள், கொழுப்பணுக்கள், பரிவு நரம்பின் நுனிகள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பால் கொடுப்பவர், தொட்டில் ஆட்டுபவர், வெளியே போகாமல் பார்த்துக்கொள்பவர் எனப் பலர் இருந்து குழந்தைகளைக் காப்பது போல, இவ்வணுக்களும் குருத்தணுவுக்கு ஊட்டியும், உறங்கச் செய்தும், வேண்டும்போது எழுப்பியும் காக்கின்றன. புற்றணு செய்யும் சூது யாதெனில், குருத்தணுவுக்கென அமைந்த அம்மாடத்துள் தானே புகுந்து, அக்காவலைத் தனக்காக்கிக்கொள்வதுதான்.

நான்கு வகைப் பேச்சு

அணுவுக்கு வாயுமில்லை, செவியுமில்லை. ஓரணு வெளிவிடும் வேதிப்பொருளை மற்றோரணு ஏற்று, அதற்கேற்பத் தன் செயலை மாற்றிக்கொள்வதையே பேச்சு என்று குறிக்கிறோம். புற்றணுவுக்கும் மஜ்ஜைக்கும் இடையே நிகழும் பேச்சை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, அழைப்பு. மஜ்ஜையின் வலையணுக்கள் சி.எக்ஸ்.சி.எல்.12 எனப்படும் சிறு புரதத்தைச் சுரக்கின்றன. குருத்தணுவின் மேற்புறத்தில் அதனை உணரும் ஏற்பி ஒன்று உண்டு. அதன் பெயர் சி.எக்ஸ்.சி.ஆர்.4. பூவின் மணத்தைத் தேனீ நாடுவது போல, அப்புரதம் மிகுந்த திசையை நோக்கி அணு நகர்கிறது; வந்து சேர்ந்தபின் அங்கேயே தங்குகிறது. இப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கும் வலையணுக்களை 2006இல் ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் தக்காஷி நகசாவாவின் குழுவினர் இனங்கண்டனர். இரத்தப் புற்றணுக்கள் பலவற்றிலும் இதே ஏற்பி உண்டு. ஆகவே நல்லணுவை அழைக்கும் குரலையே அவையும் கேட்டு மஜ்ஜைக்குள் வந்து அமர்கின்றன.

இரண்டாவது, பிடிப்பு. வந்த அணு இடம்பெயராமல் இருக்கப் பற்றுக்கோடு வேண்டும். புற்றணுவின் மேல் உள்ள வி.எல்.ஏ.4 என்னும் புரதம் கொக்கிபோல் நின்று, தாங்கணுக்களையும் அவற்றைச் சூழ்ந்துள்ள ஃபைப்ரோநெக்டின் என்னும் நாரையும் பற்றுகிறது. இப்பிடிப்பு வெறும் கயிறு அன்று. செய்தி ஓடும் கம்பியும் ஆகும். பற்றியவுடன் அணுவின் உள்ளே, சாகாதே என்னும் ஆணை பிறக்கிறது. இங்ஙனம் பற்றிக்கொண்ட கடும் இரத்தப் புற்றணுக்கள் மருந்துக்கு எளிதில் மாள்வதில்லை என்பதை 2003இல் ஜப்பானின் சப்போரோ நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர்.

மூன்றாவது, ஊட்டம். அஸ்பராஜின் என்னும் புரதக்கூறு எல்லா அணுக்களுக்கும் தேவை. நல்லணுக்கள் அதனைத் தாமே செய்துகொள்ளும். குழந்தைகளைப் பெரிதும் பற்றும் நிணநீர் வகை இரத்தப் புற்றணுக்களுக்கோ அதனைப் போதிய அளவு செய்யும் திறன் இல்லை. அதனால் இரத்தத்திலுள்ள அஸ்பராஜினைச் சிதைக்கும் அஸ்பராஜினேஸ் என்னும் நொதியை மருந்தாகக் கொடுத்துப் புற்றணுவைப் பட்டினியிடுவர். ஆனால் 2007இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துப் புனித ஜூட் மருத்துவமனை ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டனர். மஜ்ஜையின் தாங்கணுக்கள் அஸ்பராஜினை மிகுதியாக ஆக்குகின்றன. அருகிலுள்ள புற்றணு அதனைப் பெற்று மருந்தின் பட்டினியிலிருந்து தப்புகிறது. 2012இல் ஹியூஸ்டன் நகர ஆய்வாளர்கள் நாட்பட்ட நிணநீர் வகையிலும் இத்தகைய உதவியைக் கண்டனர். சிஸ்டின் என்னும் பொருளைப் புற்றணுவால் நன்கு உட்கொள்ள முடிவதில்லை. தாங்கணு அதனை உட்கொண்டு, சிஸ்டீனாக மாற்றி வெளிவிடுகிறது. புற்றணு அதனை ஏற்றுத் தன்னைக் காக்கும் குளூட்டாதையோனை ஆக்கிக்கொள்கிறது. வாய்க்கு எட்டாத சோற்றை மென்று ஊட்டுவது போன்ற செயல் இது.

நான்காவது, பொருள் பரிமாற்றம். புற்றணு கண்ணுக்குத் தெரியாத நுண்பொதிகளை வெளிவிடுகிறது. எக்சோசோம் எனப்படும் அப்பொதிகளுள் புரதங்களும் ஆர்.என்.ஏ. துணுக்குகளும் உள்ளன. அஞ்சல் பொதிபோல் அவை அடுத்த அணுவைச் சேர்ந்து அதன் போக்கை மாற்றுகின்றன. தாங்கணுவிடமிருந்து புற்றணு பெறுவதோ இதனினும் பெரிது. அணுவுக்கு வேண்டிய ஆற்றலை ஆக்கும் உலைக்கூடம் மைட்டோகாண்டிரியா. கடும் மஜ்ஜை வகைப் புற்றணு, தாங்கணுவின் மைட்டோகாண்டிரியாவையே தனக்குள் வாங்கிக்கொள்கிறது என்பதையும், அங்ஙனம் வாங்கியவை மருந்தைத் தாங்கி நிற்கின்றன என்பதையும் 2016இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர். 2017இல் இங்கிலாந்தின் நாரிச் நகர ஆய்வாளர்கள் அதன் வழியையும் விளக்கினர். புற்றணு வெளிவிடும் ஒருவகை வீரிய ஆக்சிஜன் தாங்கணுவைத் தூண்டுகிறது. இரண்டுக்கும் இடையே நூலினும் நுண்ணிய குழாய் உண்டாகி, அதன் வழியே மைட்டோகாண்டிரியா இடம்பெயர்கிறது.

நிலமும் மாறுகிறது

இதுகாறும் கூறியவற்றால், நிலம் கொடுக்கிறது, விதை வாங்குகிறது என்று மட்டும் தோன்றலாம். உண்மையில் புற்றணு தான் புகுந்த நிலத்தைத் தனக்கேற்ப மாற்றியும் விடுகிறது.

2008இல் சிகாகோ நகர ஆய்வாளர்கள், மனிதப் புற்றணுக்களை எலிகளில் செலுத்தி மஜ்ஜையை உயிரோடு படம்பிடித்துப் பார்த்தனர். புற்றணு நிறைந்த பகுதிகளில் பழைய மாடங்கள் குலைந்து, புதுவகை மாடங்கள் தோன்றின. நல்ல முன்னணுக்கள் அவற்றால் ஈர்க்கப்பட்டு அங்குச் சென்று செயலிழந்தன. 2014இல் நியூயார்க் நகர ஆய்வாளர்கள், கடும் மஜ்ஜை வகை நோய் எலியின் மஜ்ஜையிலுள்ள பரிவு நரம்புகளைச் சிதைப்பதைக் கண்டனர். நரம்பு கெட்டதும் நல்ல குருத்தணுவின் காவல் குறைந்தது; நோயோ மேலும் விரைந்தது. புற்றணுவின் நுண்பொதிகள் எலும்பாக்கும் பணியைத் தடுத்து, நல்ல குருத்தணுக்களை ஒடுக்குகின்றன என்பதும் எலி ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. நோயாளியின் உடலில் இரத்தம் குன்றுவது ஏன் என்பதற்கு இது மேலும் ஒரு விளக்கம். நல்லணுக்கள் இடநெருக்கடியால் மட்டும் குறையவில்லை. அவை வாழும் இடமே அவற்றுக்கு ஒவ்வாததாக மாற்றப்படுகிறது.

நிலத்தில் தோன்றும் கேடே நோயைத் தூண்டுவதும் உண்டோ என்பது அடுத்த வினா. 2010இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், எலியின் எலும்பாக்கும் இளவணுக்களில் மட்டும் டைசர்1 என்னும் மரபணுவை நீக்கினர். இரத்த அணுக்களைத் தொடவேயில்லை. எனினும் அவ்வெலிகளின் இரத்த ஆக்கம் சீர்குலைந்தது. சிலவற்றுக்கு இரத்தப் புற்றுநோயே வந்தது. நோயுற்ற இரத்த அணுக்களைச் சோதித்தபோது அவற்றில் அம்மரபணு சிதையாமலே இருந்தது. மனிதரிடமும் எண்ணத்தக்க ஒரு நிகழ்ச்சி உண்டு. இரத்தப் புற்றுநோயாளிக்கு நலமுள்ள ஒருவரின் மஜ்ஜையை மாற்றிச் செலுத்திய பின்னர், வழங்கியவரின் அணுக்களிலேயே மீண்டும் புற்றுநோய் தோன்றியதை மருத்துவர்கள் 1971இல் முதன்முறையாக எழுதினர். இது மிக அரிது. இதற்குக் காரணங்கள் பல இருத்தல் கூடும். அவற்றுள் ஒன்றாக, பெறுபவரின் மஜ்ஜைச் சூழலையும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர்.

பேச்சை முறிக்கும் மருந்துகள்

முதலில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். பெரும்பாலான பழைய மருந்துகள், விரைந்து பிளவுறும் அணுக்களையே கொல்லும் இயல்பின. மாடத்துள் அமர்ந்து உறங்கும் புற்றணு பிளவுறுவதில்லை. ஆதலால் அம்மருந்து அதனைத் தீண்டுவதில்லை. 2007இல் ஜப்பானின் யோக்கோஹாமாவிலுள்ள ரிக்கென் ஆய்வு நிலையத்தார், மனிதப் புற்றுநோயின் குருத்தணுக்களை எலிகளில் செலுத்தி, பின் மருந்தும் கொடுத்தனர். எஞ்சியவை எலும்பின் உட்சுவரை ஒட்டிய பகுதியில், உறங்கும் நிலையில் காணப்பட்டன. ஃபார்பரின் மருந்துக்குப் பின் நோய் திரும்பியதற்கும் இத்தகைய ஒளிவிடங்கள் ஒரு காரணம் என இன்று விளங்குகிறது.

அவ்வாறாயின், மாடத்தோடு புற்றணு பேசும் பேச்சை முறித்தால் என்ன? இவ்வெண்ணத்தில் எழுந்த மருந்துகள் சில உண்டு.

பிளெரிக்ஸஃபோர் என்பது சி.எக்ஸ்.சி.ஆர்.4 ஏற்பியை அடைத்துவிடும் மருந்து. முதலில் எய்ட்ஸ் நோய்க்காக ஆராயப்பட்டது. இதைக் கொடுத்ததும் சில மணி நேரத்தில் நல்ல குருத்தணுக்கள் மஜ்ஜையை விட்டு இரத்தத்திற்கு வருகின்றன. அவற்றைச் சேகரித்துப் பின்னர்ச் செலுத்துவதற்காக 2008இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் தந்தது. புற்றணுவையும் இவ்வாறே வெளியே இழுத்து, அதன்பின் கொல்லும் மருந்தைக் கொடுக்கலாமே என்று கருதிய மருத்துவர்கள், நோய் திரும்பிய அல்லது மருந்துக்கு அடங்காத 52 பேரிடம் சோதித்தனர். 2012இல் வெளியான முடிவின்படி 46 விழுக்காட்டினரிடம் நோய் அடங்கியது. ஒப்பிட மறுகுழு இல்லாத சிறு சோதனையாதலின், இதனை வெற்றி என்று முரசறையாமல் நம்பிக்கை தரும் தொடக்கம் என்றே கொள்ளல் வேண்டும்.

தெளிவான வெற்றி நாட்பட்ட நிணநீர் வகையில் கிடைத்தது. அந்நோய்க்கு 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இப்ருட்டினிப் என்னும் மருந்து, புற்றணுவுக்குள் ஓடும் வாழ்வுச் செய்தி ஒன்றை இடையில் அறுக்கிறது. அதனால் நிணநீர்க் கணுக்களிலும் மஜ்ஜையிலும் பற்றியிருந்த அணுக்கள் பிடி தளர்ந்து இரத்தத்திற்கு வருகின்றன. மருந்து தொடங்கிய சில வாரங்களில் கழுத்திலும் அக்குளிலும் வீங்கிய கணுக்கள் சுருங்கும். ஆனால் இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை ஏறும். நோய் முற்றுகிறதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. குடியிருந்த இடத்தை விட்டு வெளியேறியவை தெருவில் நிற்கின்றன என்பதே அதன் பொருள். ஊட்டமும் செய்தியும் இழந்து அவை நாளடைவில் குறைகின்றன.

தோல்வியும் உண்டு. இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள ஈ-செலக்டின் என்னும் பற்றுப்புரதத்தைத் தடுக்க உப்ரோலெசெலான் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. தொடக்கச் சோதனைகளில் நன்கு தோன்றிய அது, 2024இல் முடிவு அறிவிக்கப்பட்ட பெரிய சோதனையில், நோயாளிகளின் வாழ்நாளை எதிர்பார்த்தபடி நீட்டவில்லை.

இம்முயற்சி இத்துணைக் கடினமாக இருப்பது ஏன்? ஒரு கயிற்றை அறுத்தால் புற்றணு மற்றொரு கயிற்றைப் பற்றிக்கொள்கிறது என்பது முதற் காரணம். எலியின் மஜ்ஜையில் கண்டவை அனைத்தும் மனிதனிடம் அவ்வாறே நிகழும் என்று கொள்ள முடியாது என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் விடப் பெரியது மூன்றாவது காரணம். புற்றணு குடியேறிய மாடம் வேறெவருடையதுமன்று. உடலின் நல்ல குருத்தணுவுக்கு உரியது. களையைக் கொல்ல எண்ணி நிலத்தையே உவர்நிலமாக்கினால் பயிருக்கு வாழ்விடம் எது? ஆகவே நிலத்தை அழிக்காமல், களை அந்நிலத்தோடு கொண்ட தொடர்பை மட்டும் அறுக்கும் வழியையே ஆராய்ச்சியாளர் தேடுகின்றனர்.

எஞ்சியதை எண்ணும் கலை

நோய் கண்டறியப்படும் வேளையில் ஒருவர் உடலில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடிப் புற்றணுக்கள் இருக்கக்கூடும். மருந்து கொடுத்தபின், நுண்ணோக்கியில் காணும் மஜ்ஜை அணுக்களுள் நோயணு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்தால் நோய் அடங்கியது என்பது பழைய கணக்கு. ஆனால் அந்நிலையிலும் ஆயிரம் கோடிப் புற்றணுக்கள் மறைந்திருக்க இடமுண்டு. இன்றைய நுண்முறைகள் பத்தாயிரத்தில் ஒரு புற்றணு எஞ்சினும் காட்டிவிடுகின்றன.

இக்கணக்கைக் கொண்டு சிகிச்சையை வகுத்ததில் மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் பெருமைக்குரிய பங்கு உண்டு. இரு நாட்டு மருத்துவர்களும் கூடிக் குழந்தைகளின் கடும் நிணநீர் வகை நோய்க்கென ஒரு கூட்டாய்வை நடத்தினர். மருந்து தொடங்கியபின் எஞ்சிய புற்றணுவின் அளவைப் பார்த்து, குறைவாக எஞ்சியவர்க்கு இலேசான மருந்தும், மிகுதியாக எஞ்சியவர்க்கு வலிய மருந்தும் கொடுத்தனர். 2012இல் வெளியான அதன் முடிவின்படி, சேர்க்கப்பட்ட 556 பிள்ளைகளுள் ஆறாண்டுக்குப் பின் உயிரோடிருப்போர் விகிதம் ஏறத்தாழ 88 விழுக்காடு. 1948இல் சில திங்களே வாழ்வு நீண்ட நோய்க்கு இது பெரிய மாற்றம் அன்றோ?

ஆசிரியர்களும் பெற்றோரும் மனங்கொள்ள வேண்டிய செய்தி இங்கு ஒன்று உண்டு. இந்நோய்க்குச் சிகிச்சை பெற்ற பிள்ளை சில திங்களில் நலமாகித் தோன்றும். உதிர்ந்த முடி வளரும், முகம் தெளியும், மீண்டும் பள்ளிக்கு வரும். அப்போது, பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே, இன்னும் ஏன் இந்த மருந்து என்ற எண்ணம் வீட்டில் எழுவது இயல்பு. மருத்துவமனை தொலைவில் இருப்பதும், ஒவ்வொரு முறை செல்லவும் ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருப்பதும் அவ்வெண்ணத்திற்கு வலுவூட்டும். கடும் நிணநீர் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்றாண்டு வரை நீள்வது, மருத்துவரின் அளவுகடந்த எச்சரிக்கையால் அன்று. எலும்பின் மாடத்துள் உறங்குபவை ஒவ்வொன்றாக விழித்து வெளிவரும்போதெல்லாம் மருந்து காத்திருக்க வேண்டும் என்பதாலேயே ஆகும். இடையில் நிறுத்தினால், எஞ்சியது பெருகி, முன்னைய மருந்துக்கு அடங்காததாய்த் திரும்பக்கூடும்.

வகுப்பிலுள்ள ஏனைய பிள்ளைகள் அஞ்சவும் வேண்டியதில்லை. இந்நோய் தொடுவதாலோ, ஒன்றாக அமர்ந்து உண்பதாலோ ஒட்டுவதன்று. மாறாக, மருந்து உண்ணும் பிள்ளையின் எதிர்ப்பாற்றல் குன்றியிருப்பதால், ஏனையோரின் சளியும் சின்னம்மையும்தான் அப்பிள்ளைக்குத் தீங்கு தரும். அத்தகைய பிள்ளை வகுப்பில் இருப்பின், யாருக்கேனும் காய்ச்சலோ அம்மையோ கண்டவுடன் அதன் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புதலும், மருத்துவமனைக்குச் செல்லும் நாள்களில் விடுபட்ட பாடத்தைப் பின்னர்க் கற்பித்தலும் பள்ளி செய்யக்கூடிய உதவிகள். மருந்தை ஏன் இறுதிவரை உண்ண வேண்டும் என்பதைப் பெற்றோர்க்கு விளங்கும் தமிழில் எடுத்துக் கூறுதலும் அவற்றோடு ஒத்த உதவியேயாகும்.